ரயில் கேட்டில் பாட்டை நிறுத்தணும்

நவம்பர் 3, வெள்ளி

வண்டியில் பாட்டு செட்டு போய்விட்டது. எலி வயரைக் கடித்திருக்கிறது. ஊஞ்சலூர் தாண்டும்போது கரகரவென்று இழுத்தது, அப்புறம் அடங்கிவிட்டது. தினகரன் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இது செத்துப்போச்சுக்கா. பொதைச்சுரலாம்" என்றான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். நான் சிரித்துவிட்டேன். என் முன்னால் சாவு என்ற பேச்சையே எடுக்கக் கூடாதென்று இவர்களாக ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

இந்த டைரி உரக்கடையில் கொடுத்தது. வருஷா வருஷம் கொடுப்பார்கள். என் வீட்டுக்காரர் குடித்த தண்ணீரை டம்ளர் டம்ளராக அதில் எழுதுவேன், எடையும் எழுதுவேன். கிட்னி போனவருக்குத் தண்ணீர் அளவுதான். போன கார்த்திகையில் அவர் போய்விட்டார். இந்த வருஷமும் உரக்கடைக்காரர் கூப்பிட்டு ஒன்று கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இத்தனை மாதம் சும்மா கிடந்தது. புது செட்டு வாங்க வேண்டும், யார் என்ன கேட்டார்கள் என்பது மறந்து போகும் என்று இன்றைக்குத்தான் எடுத்தேன். ஐந்தாவது வரைதான் படித்தேன். என் கையெழுத்து எனக்கு விளங்கினால் போதும்.

செவ்வாயும் வெள்ளியும் கொடுமுடியிலிருந்து ஈரோட்டுக்கு டயாலிசிஸ் சவாரி. முன்பு அவரோடு இன்னும் மூன்று பேர் ஏறுவார்கள், பெட்ரோலைப் பங்கு போட்டுக்கொள்வோம். அவருக்குக் கண் மங்க ஆரம்பித்ததும் எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தார். அவர் போய் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், தினகரன் வாசலில் வந்து நின்று, "வெள்ளிக்கெழம போலாமுங்களாக்கா?" என்று கேட்டான். போனேன். அப்படியே ஓடுகிறது.

தினகரன் கிரில் பட்டறை வைத்திருக்கிறான். முன்சீட்டு. அது அவர் உட்கார்ந்த சீட்டு. பின்னால் ஜமால் பாய், பஸ் ஸ்டாண்டில் டீக்கடை. அவருக்குப் பக்கத்தில் பாவாயி அக்கா, சந்தையில் காய் விற்றவர். காது மந்தம். வாய் மந்தமில்லை.

இறங்கும்போது தினகரன் ஒன்று சொன்னான். "மூணு நாலு மணி நேரம் அந்த மிஷினு கீங்கீங்குன்னு கத்தறதக் கேட்டுட்டு வர்றனுங்க்கா. திரும்பி வர்றப்பவும் பாட்டு இல்லீன்னா பைத்தியம் புடிச்சுரும். சிவகிரிக்காரன் வேன்ல டிவியே வெச்சிருக்கறான், அதுக்கே போயிருவேன்."

விளையாட்டாகச் சொன்னானா, நிஜமாகவா என்று தெரியவில்லை.

சாயங்காலம் வினோதினி திருப்பூரிலிருந்து பேசினாள். எனக்கு ஒரே மகள். "வருஷத் திதி முடியட்டும்மா. வண்டிய வித்துட்டு இங்க வந்துரு. எங்க ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சவரு ஒருத்தர் கேக்கறாரு." நான் மூன்று பேர் ஏறுகிற வரைக்கும் ஓட்டுகிறேன் என்றேன். "சரி, மூணு பேருல ஒருத்தர் நின்னாலும் வித்துரணும். பேச்சு மாறக் கூடாது" என்றாள். அவள் அப்பனைப் போலவே பேரம் பேசுகிறாள்.

நவம்பர் 4, சனி

வண்டியைக் கழுவினேன். எலிக்குக் கருவாட்டுத் துண்டு வைத்துப் பொறி வைத்தேன். பூனை வந்து தின்றுவிட்டுப் போய்விட்டது.

நவம்பர் 7, செவ்வாய்

பாட்டில்லாமல் போய் வந்தோம். பாட்டு இல்லையென்றால் வண்டியில் என்னவெல்லாம் சத்தம் வருகிறது. பின்கதவு ஆடுகிறது. ஜமால் பாய் மூச்சு விடும்போது விசிலடிக்கிறது. முன்பெல்லாம் செட்டு நின்றாலும் வண்டியில் சத்தம் இருந்துகொண்டே இருக்கும், அவர் பேசிக்கொண்டே வருவார். அந்த லாரிக்காரனைப் பார், இந்த வயலில் என்ன போட்டிருக்கிறான் பார் என்று.

போகட்டும். செட்டுக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன்.

தினகரன்: அடி நன்றாக இறங்க வேண்டும். கதவு அதிர வேண்டும். பென் டிரைவ் போட வேண்டும், சிடி எல்லாம் யாரும் வைத்திருப்பதில்லை.

ஜமால் பாய்: பழைய பாட்டில் தபேலா தனியாகக் கேட்க வேண்டும். "தபேலா தகர டப்பா மாதிரி கேட்டா அந்தப் பாட்டு எதுக்கு தங்கச்சி?"

பாவாயி அக்கா: "எனக்கென்னத்துக்குக் கேக்கறே? நீ எதைப் போட்டாலும் எனக்கு எறும்பு பேசற மாதிரிதான் கேக்கும். மழைப் பாட்டு மட்டும் போட்டறாதே."

மழைப் பாட்டு என்றதும் எல்லாரும் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள். அது என் வீட்டுக்காரர் போட்ட சட்டம். மழை, ஆறு, அருவி மூன்றும் வண்டியில் கூடாது. காது நன்றாகக் கேட்ட காலத்தில் ஒரு தடவை மழைப் பாட்டு ஓடி, பாவாயி அக்காவுக்குத் தாகம் எடுத்து, கரூர் பைபாஸில் கரும்புச்சாற்றுக் கடையைப் பார்த்து இறங்கிவிட்டார். பிடித்து ஏற்றுவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. "காவேரிக் கரையில பொறந்துட்டு எச்சில முழுங்கிட்டிருக்கறோம், இதுல பாட்டு வேறயா" என்பார் அவர். ஜமால் பாய் பாவம், நாள் முழுக்க டீ ஆற்றுகிறார், ஒரு மடக்குக் குடிக்க முடியாது. டம்ளர் கழுவும்போது அந்தத் தண்ணீர் சத்தத்தைக் கேட்டால் கோபம் வருகிறதாம்.

ஆகவே, பாட்டைத் தள்ளுகிற பொத்தான் பெரியதாக இருக்க வேண்டும். கைக்கு எட்ட வேண்டும். இவர்களுக்கு இடது கை பொன்னு மாதிரி. ஆபரேஷன் செய்து ரத்தக் குழாய் இரண்டை இணைத்திருப்பார்கள். அந்தக் கையில்தான் ஊசி ஏற்றுவது. பாரம் தூக்கக் கூடாது, கடிகாரம் கட்டக் கூடாது, தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது. தொட்டுப் பார்த்தால் உள்ளே குருகுருவென்று ஓடும், பூனையின் வயிற்றைத் தொட்ட மாதிரி. காதை வைத்தால் உஸ் உஸ்ஸென்று கேட்கும். ஓட்டம் என்போம். அது நின்றால் உடனே ஓட வேண்டும். அதனால் காலையில் எழுந்ததும் முதல் வேலை அதைப் பார்ப்பதுதான்.

நவம்பர் 10, வெள்ளி

அவர்களை உள்ளே விட்டால் நாலு மணி நேரம் ஆகும். முன்பு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். இப்போது உட்கார இடமில்லை. இன்றைக்குக் கடைக்குப் போனேன்.

கார் சாமான் விற்கிற கடை. சுவர் முழுக்க ஸ்பீக்கர் பதித்து வைத்திருக்கிறார்கள். கடைக்காரருக்கு நாற்பது வயசிருக்கும். எனக்குப் பின்னால் ஆம்பிளை யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை என்று தெரிந்ததும், "வண்டி என்னங்க்கா?" என்றார்.

"ஆம்னி."

"அப்ப இந்தப் பெரிய ஸ்கிரீனு போட்டுக்கலாமுங்க. படம் பாக்கலாம், ரிவர்ஸ் கேமரா இருக்கு, மேப் இருக்கு, போன் பேசலாம்."

"எனக்கு வழி தெரியுமுங்க. ஒரே ரோடுதான்."

சிரித்தார். அப்புறம் சின்னதாக ஒன்றை எடுத்தார். திருகு ஒன்று, பெரிய பொத்தான் இரண்டு, பென் டிரைவ் சொருகுகிற இடத்துக்கு மூடி, கூடவே கையடக்க ரிமோட். ரிமோட்டைப் பார்த்ததும் மனசு நிறைந்தது. பின்னால் இருந்தே மழையைத் தள்ளலாம்.

ஸ்பீக்கர்தான் நேரமெடுத்தது. அவர் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிச் சத்தத்தை ஏற்றினார். முதலாவது நெஞ்சில் இடித்தது. இரண்டாவது ஜமால் பாய் சொன்ன தகர டப்பா. நான் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். குறைத்தார். இன்னும் குறைக்கச் சொன்னேன்.

"ஏனுங்க்கா, எல்லாரும் ஏத்திக் கேப்பாங்க. நீங்க எறக்கிட்டே போறீங்க. இன்னும் எறக்குனா கடைய மூடிட்டுத்தான் கேக்கோணும்."

"தொட்டுப் பாக்கலாமுங்களா?"

"தாராளமா."

தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் உள்ளங்கையை வைத்தேன். ஒன்று குத்துகிறது. ஒன்று தூங்குகிறது. கடைசி வரிசையில் கறுப்பாக ஒன்று இருந்தது, விளம்பரப் படம்கூட ஒட்டவில்லை. அதில் கை வைத்தேன். பாட்டு இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குத்தான் சத்தம், ஆனால் கைக்குள் குருகுருவென்று வந்தது.

கடைக்காரர் அதன் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "இதா?" என்றார்.

"இதுதானுங்க. நல்ல சத்தம்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை வந்தால் மாட்டித் தருகிறேன் என்றார். வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தேன். ஐஸ் போட்டு, பெரிய டம்ளர். குடித்துவிட்டு வாயை நன்றாகத் துடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. நமக்கு இந்த வருஷம் பண்டிகை இல்லை, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. ஜமால் பாய் வீட்டிலிருந்து ஒரு தூக்குப் போசியில் பிரியாணி வந்தது. "பண்டிகைக்குப் பலகாரம் செய்யத்தானே கூடாது, பிரியாணிக்கு யாரு தடை சொன்னா?" என்று அவர் சம்சாரம் சொன்னாளாம். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

நவம்பர் 14, செவ்வாய்

செட்டு மாட்டியாகிவிட்டது. முன்கதவு இரண்டிலும் ஒவ்வொன்று, பின்னால் இரண்டு.

பென் டிரைவில் பாட்டு ஏற்றியது தினகரன். அவரவர் கேட்டதை ஏற்றியிருக்கிறான், ஆனால் செட்டு தன் இஷ்டத்துக்கு வரிசை வைத்துக்கொள்கிறது. மாரியம்மன் பாட்டு முடிந்ததும் ஜமால் பாயின் நாகூர்ப் பாட்டு வருகிறது, அது முடிந்ததும் தினகரனின் குத்துப் பாட்டு. "மூணு சாமியும் ஒரே வண்டில ஏறிக்கிச்சு" என்றார் ஜமால் பாய். "மூணாவது எந்தச் சாமி?" என்று தினகரனைக் கேட்டேன். "அது நாந்தானுங்க்கா" என்றான்.

மழைப் பாட்டு ஒன்று எப்படியோ புகுந்துவிட்டது. ரிமோட் பாவாயி அக்கா கையில் இருந்தது. அவருக்குப் பாட்டே கேட்கவில்லை. ஜமால் பாய் தள்ளுங்கக்கா, தள்ளுங்கக்கா என்று கத்த, அவர், "எங்க தள்றது? நான் ஓரமாத்தானே உக்காந்திருக்கறேன்!" என்று நகர்ந்து உட்கார்ந்தார். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

தபேலா தனியாகக் கேட்கிறது. ஜமால் பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

நவம்பர் 17, வெள்ளி

வரும்போது தினகரன் இடது கையைக் கதவில் சாய்த்துக்கொண்டு வந்தான். "அக்கா, கதவுல கை வெச்சா சொகமா இருக்குதுங்க்கா. கையும் ஓடுது, கதவும் ஓடுது" என்றான்.

எனக்கும் தெரியும். என் பக்கத்துக் கதவிலும் அப்படித்தான். ஓட்டும்போது வலது முழங்கை அங்கேதான் இருக்கிறது.

சாயங்காலம் நங்கை வந்தார், அவருடைய அக்கா. வண்டியை எட்டிப் பார்த்தார். "வருஷம் திரும்பல, அதுக்குள்ள பாட்டுப் பொட்டியா? ஊருல பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"ஊட்டுல ஒண்ணும் பாடலீங்க. வண்டிலதான். நோயாளிங்க கேக்கறாங்க."

"நீ காத மூடிட்டா ஓட்டறே?"

அவருக்கு டீ வைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போகும்போது, "கோயில் பாட்டு இருந்தா ஒண்ணு போடு பாக்கலாம்" என்றார். வண்டியில் உட்கார்ந்து இரண்டு பாட்டுக் கேட்டார். வீட்டில் இல்லை, வண்டியில்தான்.

நவம்பர் 21, செவ்வாய்

சவாரி போய் வந்தேன். துவரம் பருப்பு தீர்ந்துவிட்டது. பின் டயரில் காற்று குறைவு.

நவம்பர் 23, வியாழன்

இன்றைக்கு எழுத ஒன்றும் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

அவருக்கு வலி ஒன்றும் இல்லையாம், தூக்கத்திலேயே நெஞ்சு நின்றிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும், எப்படித் தெரிந்தது, கூப்பிட்டுப் பார்த்தாயா, அசைத்துப் பார்த்தாயா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

நான் கூப்பிடவில்லை. விடிந்ததும் எப்போதும் போல அவர் கையை எடுத்துக் காதில் வைத்தேன்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் யார் கையிலும் நான் காது வைத்ததில்லை. வைக்க வேண்டிய வேலையும் இல்லை.

நவம்பர் 28, செவ்வாய்

பூனை குட்டி போட்டிருக்கிறது, வண்டிக் கொட்டகையில். இனி எலிக்குக் கவலையில்லை.

டிசம்பர் 1, வெள்ளி

வீட்டுக்கு வர ராத்திரி ஆகிவிட்டது. ஆனாலும் எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

தினகரனுக்கு அவன் பிறந்த நாளுக்குத் தங்கை எடுத்துக் கொடுத்த சட்டை. வெளிர் நீலம். அதைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். டயாலிசிஸ் முடிந்து ஊசியைப் பிடுங்கினால் அந்த இடத்தில் பஞ்சு வைத்துக் கட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் தளர்த்திவிட வேண்டும், இறுகினால் ஓட்டம் அடைத்துக்கொள்ளும். இவன் போன மாதம் ஒரு சட்டையில் ரத்தம் பட்டுக் கறையாகிவிட்டது என்று, வண்டியில் ஏறியதும் கட்டுக்கு மேல் கைக்குட்டையைச் சுற்றி இறுக்கிக்கொண்டான். நான் பார்க்கவில்லை. பார்க்கிங் ஆளோடு பேசிக்கொண்டிருந்தேன்.

பாட்டு ஓடியது. கதவில் கை வைத்துக்கொண்டான். சோர்வாக இருந்தான், முடித்துவிட்டு வரும்போது எல்லாரும் சோர்வாகத்தான் இருப்பார்கள். நடுவில் ஜமால் பாய், "என்னப்பா, கை பாத்தியா?" என்று கேட்டார். "ஜம்முனு ஓடுது பாய்" என்றான் கண்ணைத் திறக்காமல்.

ரயில் கேட் போட்டிருந்தது. முன்னால் இரண்டு லாரி, பின்னால் ஒரு பஸ். பெட்ரோல் வீண் என்று வண்டியை அணைத்தேன். சாவியைத் திருப்பினால் செட்டும் அணைந்துவிடும்.

தினகரன் கண்ணைத் திறந்தான். "அக்கா, ஏன் நின்னுருச்சு?"

"கேட் போட்டுட்டான்."

"இல்லீங்க்கா. கை."

கையைக் கதவிலிருந்து எடுத்து வலது கையால் தடவிப் பார்த்தான். மறுபடி கதவில் வைத்தான். மறுபடி எடுத்தான். எனக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நேரம் ஓடியது கதவு.

கைக்குட்டையை அவிழ்த்தேன். தோலில் கயிறு மாதிரித் தடம். உள்ளங்கை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. காது வைக்க வேண்டும். குனியப் போனேன், குனிய வரவில்லை. "பாய், நீங்க பாருங்க" என்றேன். ஜமால் பாய் எட்டிக் காதை வைத்தார். அவர் முகத்தைப் பார்த்தேன், போதும்.

"வண்டியத் திருப்பு தங்கச்சி."

எங்கே திருப்புவது? முன்னால் லாரி, பின்னால் பஸ், பக்கத்தில் வாய்க்கால். ஜமால் பாய் கீழே இறங்கினார். இப்போதுதான் மிஷினிலிருந்து எழுந்து வந்த மனுஷன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸின் முன்னால் நின்று பின்னால் போ, பின்னால் போ என்று கையை வீசினார். டிரைவர் ஏதோ கத்தினான். பாவாயி அக்கா ஜன்னலில் தலையை நீட்டினார். "டேய், உசுரு போற பையன் உள்ள இருக்கறான்டா! உன்ற பஸ்ஸு போனா நாளைக்கு வரும், இவன் போனா வருவானாடா!"

"அக்கா, கையிதான் போகுது, நான் போகலீங்க்கா" என்றான் தினகரன். அந்த நேரத்திலும் அப்படி.

"சும்மா இருடா. உசுருன்னு சொன்னாத்தான் நகருவானுங்க."

நகர்ந்தார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள்கூட இறங்கிப் பின்னால் நின்ற வண்டிகளை ஒதுக்கினார்கள். மூன்று தடவை முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பினேன். அவர் சொல்லிக் கொடுத்த மாதிரி, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, கிளட்சை விடாமல். வாய்க்காலில் சக்கரம் இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நேராக உள்ளே கொண்டு போனார்கள். இருட்டுவதற்குள் ரத்தக்கட்டியை எடுத்துவிட்டார்கள். நாளைக்குக் காலையில் வந்திருந்தால் இந்தக் கை திரும்பக் கிடைத்திருக்காது, வேறு இடத்தில் புதிதாக வெட்ட வேண்டியிருந்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார்.

டிசம்பர் 2, சனி

செட்டைக் கழற்றிவிடலாம் என்று திருப்புளியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். கதவைத் திறந்ததும் தாய்ப்பூனை வந்து முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டது. அதை எடுத்துவிட்டு வேலையை ஆரம்பிப்பதற்குள் போன் வந்தது. தினகரன்.

"அக்கா, செட்டக் கழட்டறீங்கதானே?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"தெரியுமுங்க. வெச்சுட்டுப் போங்க. அது ஒண்ணும் பண்ணுல. சட்ட மேல ஆசப்பட்டது நானு."

"இல்ல தினகரா. சத்தம் இல்லாம இருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்."

"செட்ட நிறுத்துனதுனாலதான் தெரிஞ்சுது. அது இல்லீன்னா எதை நிறுத்துவீங்க? சாஞ்சு தூங்கி ஊடு போய்ச் சேந்திருப்பேன்." அப்புறம் இதையும் சொன்னான். "அக்கா, நான் சிவகிரிக்காரன் வேனுக்குப் போவேன்னு சொன்னது சும்மா. அவன் டிவில மழைப் படமாப் போடறானாம்."

திருப்புளியை எடுத்த இடத்தில் வைத்தேன்.

டிசம்பர் 5, செவ்வாய்

இரண்டு பேர்தான். தினகரன் இன்னும் ஆஸ்பத்திரியில். கழுத்தில் குழாய் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள், கைக்கு ஓய்வு. முன்சீட்டு காலி. வினோதினியிடம் சொல்லவில்லை. மூன்று பேர் என்று பேச்சு.

ஜமால் பாய் புதுச் சட்டம் போட்டுவிட்டார். கேட் போட்டால் பாட்டை நிறுத்தணும். கையைக் கதவிலிருந்து எடுக்கணும். அவரவர் கையை அவரவர் பார்த்துச் சொல்லணும். மழை, ஆறு, அருவி சட்டத்துக்கு அடுத்தது இது.

வரும்போது பார்த்தால் கேட் திறந்திருந்தது. ஜமால் பாய்க்கு முகம் விழுந்துவிட்டது. "இருபது வருஷமா இந்தக் கேட்டத் திட்டிட்டுப் போயிட்டிருந்தேன். இன்னிக்குத் தொறந்து வெச்சிருக்கான் பாரு." ஓரமாக நிறுத்தி, பாட்டை அணைத்துப் பார்த்துவிட்டு வந்தோம்.

டிசம்பர் 10, ஞாயிறு

வருஷத் திதி ஆயிற்று. காவேரியில் தண்ணீர் நிறைய. வினோதினியும் மாப்பிள்ளையும் நேற்றே வந்துவிட்டார்கள். அவருக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பு வைத்தேன். படையலில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வைத்தேன். அளவு பார்க்கவில்லை.

சாப்பிட்ட பிறகு மாப்பிள்ளை, "வண்டி பாக்க அவரு புதன்கெழம வர்றாருங்கத்தை" என்றார். வினோதினி என்னைப் பார்த்தாள். "எத்தன பேரும்மா ஏறறாங்க?"

"செவ்வாய்க்கெழம தினகரனும் வர்றான். நீயே வந்து எண்ணிக்கோ" என்றேன்.

மாப்பிள்ளை சாயங்காலம் போய்விட்டார். அவள் இருந்தாள்.

டிசம்பர் 12, செவ்வாய்

வண்டி பார்க்க வருவதாக இருந்தவரை வர வேண்டாம் என்று வினோதினி சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் கொட்டகையில் நின்று மாப்பிள்ளையோடு போனில் பேசினாள். "இல்லீங்க, அது விக்கற வண்டி இல்லீங்க" என்றது மட்டும் என் காதில் விழுந்தது. ஏன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நடந்ததை எழுதி வைக்கிறேன்.

காலையில் தினகரன் ஏறினான், பழைய சட்டையில். கழுத்தில் கட்டு. "தங்கச்சி, முன்னால உக்காருங்க" என்று வினோதினியிடம் சொன்னான். அவள் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, "இல்லீங்ணா, அது உங்க எடம்" என்று பின்னால் போய்ப் பாவாயி அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

போகும்போது மாரியம்மனும் நாகூரும் குத்துப் பாட்டும் ஓடின. வினோதினியிடம் ரிமோட்டைக் கொடுத்து மழைச் சட்டத்தை விளக்கினார் ஜமால் பாய். அவள் சிரிக்கிறாள், கண்ணைத் துடைக்கிறாள். "அப்பா சட்டமா இது?" என்றாள். அவளுக்கு இது தெரியாது. நான் சொன்னதில்லை.

திரும்பும்போது கேட் போட்டிருந்தது. "அப்பாடா" என்றார் ஜமால் பாய். வண்டியை அணைத்தேன். பாட்டு நின்றது. எல்லாரும் கையை எடுத்துக்கொண்டார்கள்.

"ஓடுது" என்றார் ஜமால் பாய்.

தினகரன் காதில் வைத்து, ரொம்ப நேரம் வைத்து, "ஓடுதுங்க்கா. முன்ன மாதிரி இல்ல, கொஞ்சம் கூச்சப்பட்டு ஓடுது" என்றான்.

பாவாயி அக்கா கையை மடியிலேயே வைத்திருந்தார். வினோதினி அவர் கையைத் தொட்டு, "நான் பாக்கட்டுங்களா?" என்று சத்தமாகக் கேட்டாள்.

"உனக்கு என்ன கண்ணு தெரியும்? நீ இன்னிக்கி வந்தவ." அக்கா முழங்கையை மடக்காமல் இரண்டு சீட்டுக்கும் நடுவே கையை என் பக்கம் நீட்டினார். "துளசி, நீ கேளு. எனக்குக் காதும் இல்ல, சக்கரைல வெரலும் மரத்துப்போச்சு. ஊட்டுல மருமவதான் பாத்துச் சொல்லுவா, அவ பொறந்த ஊட்டுக்குப் போயிட்டா. இன்னிக்கி ஊசி புடுங்குனதுக்கப்பறம் ஒருத்தரும் பாக்கவே இல்ல."

"பாய் பாக்கட்டுங்க்கா."

"நீ கேளுன்னு சொன்னேன்."

கையை வாங்கினேன். காய்கறி தூக்கித் தூக்கிக் காய்ப்புப் பிடித்த கை, என் வீட்டுக்காரர் கை மாதிரி இல்லை. மருந்து வாசம் மட்டும் அதே வாசம். தலையைச் சாய்த்துக் காதை வைத்தேன்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை, என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. அப்புறம் தூரத்தில் ரயில் வருவது. அப்புறம் கேட்டது. உஸ், உஸ், உஸ்.

"ஓடுதா?" என்றார் பாவாயி அக்கா.

ஓடுகிறது என்று தலையை ஆட்டினேன். ரயில் வந்தது, போனது. கேட்டைத் தூக்கினார்கள். முன்னால் நின்ற டெம்போ போய்விட்டது. பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். அடிக்கிறவன் அடிக்கட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் காதை அங்கேயே வைத்திருந்தேன்.